கேட்காமல் போட்ட டிக்

தெக்லா அளந்தால் என் கணவனின் கண்ணில் ரத்தம் துள்ளிக்கொண்டு ஓடுகிறது. நான் அளந்தால் நொண்டுகிறது. மூன்று வாரமாக இதுதான் கதை.

விழித்திரையின் ரத்த ஓட்டத்தை அளக்க வியன்னாவில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருப்பது ஒரே கருவி. புதிய ஆய்வுக்கு அது எனக்கா, என்னோடு வேலை செய்யும் தெக்லாவுக்கா என்று முடிவாகவில்லை. அதனால் ஒரே ஆட்களை நாங்கள் இருவரும் வேறு வேறு நாளில் அளக்க வேண்டும்; எண்கள் தடுமாறுகிறவள் வெளியே. ஆள் போதவில்லை என்று என் கணவன் லோதாரை இழுத்துவந்தவளே நான்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

மற்ற ஒன்பது பேரிடமும் நாங்கள் சமம். லோதாரிடம் மட்டும் அவளுக்கு நிமிடத்துக்கு நாற்பத்து நான்கு மைக்ரோலிட்டர், மூன்று முறையும். எனக்கு முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று, முப்பத்தேழு. பதினைந்து வருடமாக நான் பார்க்கும் கண் அது. அவளைக் கண்டதும் மட்டும் ரத்தம் எகிறுவானேன்? எனக்கு வயிறு எரிந்தது. அவளுடைய சிவப்புச் சட்டையைப் பார்த்தால்கூட எரிந்தது.

கடைசியில் கேட்டேவிட்டேன். "என் புருஷனுக்கு என்னடி மந்திரம் போடுற?"

தெக்லா சிரித்தாள். "மந்திரமா? மொத நாள் காப்பி வாசனையோட வந்தார். திருப்பி அனுப்பிட்டேன். அப்புறம் குடிக்காமத்தான் வர்றார். காப்பி குடிச்சா ஓட்டம் கொறையும்னு உனக்கு நான் சொல்லணுமா, ரோஸ்விதா?"

"என்கிட்டயும் குடிக்காமத்தான் வர்றான்."

"கேட்டியா?"

அளப்பதற்கு முன்னால் படிவத்தில் இரண்டு கேள்விகள் உண்டு; முதலாவதே காப்பி. மற்றவர்களிடம் வாய்விட்டுக் கேட்டுத்தான் எழுதுவேன். லோதாரைக் கேட்பானேன்? வீட்டில் அவன் காப்பி குடிக்காமல் கிளம்பியதைக் கண்ணால் பார்த்தவள் நான். நானே டிக் அடித்துவிட்டேன்.

வீட்டுக்குப் போனபோது லோதார் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான்.

"என்கிட்ட அளக்க வந்த அன்னிக்கெல்லாம் காப்பி குடிச்சியா?"

"ஆமா. டிராம் ஸ்டாப் கடையில."

"சொல்றதுக்கென்ன?"

"நீ எங்க கேட்ட? தாடையை வை, அசையாதேன்னு சொன்ன. வெச்சேன், அசையல."

நாளைக்கு என் மூன்று அளவுகளையும் நானே கோடு போட்டு நீக்கிவிட்டு, காரணத்தையும் எழுதியாக வேண்டும். கருவி அவளுக்குத்தான். அதைக்கூட எப்படியாவது விழுங்கிவிடுவேன். ஆனால் எனக்காக விடாத காப்பியை அவளுக்காக விட்டிருக்கிறான். அதுதான் தொண்டையில் நின்றது.

"வேற என்ன கேட்டா அவ?"

"ராத்திரி நல்லாத் தூங்கினீங்களான்னு கேட்டா."

படிவத்தின் இரண்டாவது கேள்வி. 'ஆம்' என்று மூன்று முறையும் நானே டிக் அடித்திருந்தேன்.

"நீ என்ன சொன்ன?"

லோதார் கத்தியைக் கீழே வைத்தான்.

"மூணு மாசமா தூக்கமே இல்லைன்னு சொன்னேன்."