துண்டுக்குள் பன்னிரண்டு ரூபாய்

செத்தவரை விலை சொல்லியே எழுப்பி உட்கார வைத்தவர் ஈரேழு பதினாலு லோகத்திலும் தாம் ஒருவர்தான் என்று இராஜபாளையத்துப் படக்காரர் தேவநேசன் சொல்லிக்கொண்டு திரிந்தார். "ஆண்டவர் எழுப்பினது வேற கணக்கு. அவரு தர்மத்துக்கு எழுப்பினாரு. நான் பன்னெண்டு ரூவா சொல்லி எழுப்பினேன்" என்பார். கேட்டவர்கள் சிரித்த சிரிப்பில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஒருபக்கமாகச் சாய்ந்தே ஏழு மைலும் ஓடும். சம்பவத்துக்குச் சாட்சி ஒரே ஆள், ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்த சோலைச்சாமி. அந்த ஒரு சாட்சியும், "அப்பிடி ஒண்ணும் நடக்கல்ல" என்று அடித்துச் சொல்லிவிட்டார்.

நடந்தது முப்பத்தேழாம் வருஷம் ஆடி மாசம்.

தேவநேசன் எண்ணெய்ச் சாயத்தில் ஆள் உருவம் எழுதுகிறவர். மீசையில் ஈ உட்கார்ந்தால் விரட்டத் தோன்றும், அப்படி எழுதுவார். என்ன பிரயோசனம்? உயிரோடு இருக்கிற எவரும் படத்துக்கு உட்காரமாட்டார்கள். உட்கார்ந்தால் ஆயுசு குறைந்துபோகும் என்று பயம். ஆகவே ஒருவர் கண்ணை மூடிய பிறகுதான் இவருக்கு ஆள் வரும். பாடை கட்டி முடிவதற்குள் பென்சிலால் முகத்தைப் பிடித்துக்கொண்டு வந்து, மூடிய கண்ணைத் திறந்த கண்ணாக எழுதித் தரவேண்டும். அதற்குத் தனிக் கூலி. அறை வாசலில் பலகையே தொங்கியது: முகம் மட்டும் ஆறு ரூபாய், மார்பளவு ஒன்பது, கண் திறக்க மூன்று.

வியாபாரம் பெருகட்டும் என்று ஒருநாள் கீழே இன்னொரு வரி சேர்த்தார்: "உயிரோடு இருப்பவர்களுக்குப் பாதி விலை."

அதோடு போச்சு. எமனுக்கு ஏஜெண்டு வேலை பார்க்கிறான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அவர் ஏறிட்டுப் பார்த்தால் எதிரே வருகிறவர்கள் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்கள். நாவிதர் கண்ணை இறுக மூடிக்கொண்டே சவரம் செய்ததில் கன்னத்தில் விழுந்த தழும்பு கடைசிவரை போகவில்லை. காப்பி கிளப்பில் அவர் மேசையைச் சுற்றி எப்போதும் மூன்று நாற்காலிகள் காலி. மாதா கோயிலில் முழு பெஞ்சே காலி. மனைவி ரோசம்மாள் போனபிறகு அவர் கையை யாரும் தொட்டதில்லை. சில்லறையைக்கூட மேசைமேல் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

வியாழன்தோறும் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வராந்தாவுக்குப் போய் நிற்பார். சொத்துக்கு அடித்துக்கொள்கிற அண்ணன் தம்பிகள்தான் செத்துப்போன அப்பாவுக்குப் போட்டி போட்டுக்கொண்டு பெரிய படம் வைப்பார்கள் என்பது அவர் கண்டுபிடித்த வியாபார சூட்சுமம். அப்படி ஒரு வியாழக்கிழமை சோலைச்சாமி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"அண்ணாச்சி, வெரசா வாங்க. எங்க மாமாவுக்கு நாடி விட்டுப்போச்சு. முகம் ஊதுறதுக்கு முன்ன பிடிச்சிருங்க."

மாமா என்பவர் மாட்டுத் தரகர் சங்கையா. பெண்டாட்டி பிள்ளை இல்லாத தனிக்கட்டை. கயிற்றுக் கட்டிலில் நீட்டி நிமிர்ந்து கிடந்தார். சோலைச்சாமி இன்னொரு தடவை மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"மார்பளவு, கண்ணோட சேத்து எம்புட்டு?" என்றார். பிறகு வாசலில் நிற்கிற சனத்துக்குக் கேட்டுவிடும் என்று கூச்சப்பட்டு, மாமாவின் துண்டையே எடுத்துக் கட்டில் ஓரத்தில் இரண்டு பேர் கைமேலும் போட்டார். மாட்டுச் சந்தையில் அப்படித்தான். விலையை வாயால் சொல்லாமல் துண்டுக்குள் விரலைப் பிடித்துச் சொல்வார்கள். ஒரு விரலுக்கு ஒரு ரூபாய், முழுக்கைக்கு ஐந்து.

தேவநேசன் கையை இரண்டு தடவை அழுத்தி, இரண்டு விரலைப் பிடித்தார். பன்னிரண்டு. சோலைச்சாமி ஒரு கை, ஒரு விரல். ஆறு. தேவநேசன் பதினொன்று. சோலைச்சாமி ஏழு.

அப்போது துண்டுக்குள் மூன்றாவதாக ஒரு கை வந்தது.

ஐஸ் மாதிரி இருந்த அந்தக் கை சோலைச்சாமியின் கையை ஒதுக்கித் தள்ளிவிட்டு, தேவநேசனின் நான்கு விரல்களை இறுகப் பிடித்தது. சோலைச்சாமி தம் இரண்டு கைகளையும் வெளியே எடுத்து எண்ணிப் பார்த்தார். அவ்வளவுதான், எடுத்த ஓட்டத்தில் தேரடியில் போய்த்தான் நின்றார்.

சங்கையா எழுந்து உட்கார்ந்திருந்தார். "ஏலே படக்காரா, நாலுக்கு மேல சல்லிக்காசு தரமாட்டேன். பன்னெண்டு ரூவாய்க்குக் கன்னுக்குட்டி வாங்கலாம்லே. அது வளந்தா பால் குடுக்கும். உன் படம் என்ன குடுக்கும்?"

தேவநேசன் கையை உருவாமலே, "பதினொண்ணுக்குக் குறையாதுங்கய்யா" என்றார்.

"வார வியாழக்கிழம வா. பேசி முடிப்போம்."

சோலைச்சாமிக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை. உயிரோடு இருக்கிற மாமனுக்குப் படம் விலை பேசினவன் என்று ஊர் பேசுமே! "நாடி மெல்ல ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்லத் தொடங்கியவர், அதிலேயே நின்றுவிட்டார்.

பேரம் அடுத்த வியாழக்கிழமை முடியவில்லை. அதற்கடுத்த வாரமும் முடியவில்லை. சந்தைக்கு நடந்துபோகக் காலில் பலம் இல்லாத கிழவருக்கு, வீடு தேடி வந்த பேரம் சர்க்கரைப் பொங்கலாக இருந்தது. துண்டை விரித்து இருவரும் கை கொடுத்துவிட்டால் பொழுது போவதே தெரியாது. "வாயைத் தொறலே, பல்லு எத்தனைன்னு பாப்போம்" என்று தேவநேசனின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அவர் முகத்தை இத்தனை பக்கத்தில் இன்னொருவர் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அவரும் கிழவரைப் பார்த்தார். ஆத்திரத்தில் சிவக்கிற முகம், சிரிப்பை அடக்குகிற முகம், பொய் சொல்லும்போது இடது கண் சுருங்குகிற முகம். இத்தனை வருஷமாக எழுதிய முகங்களில் ஒன்றுகூட அசைந்ததில்லை.

வாரம் கால் ரூபாய், அரை ரூபாய் என்று கிழவர் ஏறினார், இவர் இறங்கினார். எட்டரைக்கும் ஏழரைக்கும் வந்து நின்ற அன்று, பஸ்ஸில் திரும்பும்போது தேவநேசன் விரல் விட்டு எண்ணினார். இன்னும் இரண்டே வியாழக்கிழமை. விலை படிந்துவிட்டால் படம் எழுதவேண்டும். எழுதி முடித்தால் அங்கே போக வேறு என்ன காரணம்?

அடுத்த வாரம், "சாயம் விலை ஏறிட்டு. மறுபடியும் பன்னெண்டு" என்றார்.

"அடப்பாவி!" என்று கத்திய சங்கையாவின் முகத்தில் அன்றைக்கு எட்டு வயசு குறைந்தது. "அப்பிடின்னா நானும் நாலுக்கே போறேன்லே!"

இப்படியே இரண்டு வருஷத்துக்குமேல் ஓடியது. யுத்தம் வந்தது. சீமைச் சாயம் நிஜமாகவே விலை ஏறியது.

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை சங்கையா எழுந்து உட்காரவில்லை. படுத்தபடியே துண்டுக்குக் கை நீட்டினார். தேவநேசன் வழக்கம்போல் இரண்டு கை, இரண்டு விரல் பிடித்தார். கிழவரின் கையும் அதையே திருப்பிப் பிடித்தது. பன்னிரண்டு. பேரமே இல்லை.

தேவநேசன் கிழவரின் காதருகே குனிந்தார். "அது பழைய விலை. இப்ப இருவது" என்றார் வாய்விட்டே.

கை நாலு தடவை அழுத்தியது. சரி.

"அம்பது!"

கண்ணைத் திறக்காமலே கிழவர் சிரித்தார். "சரிலே."

"நூறு ரூவா! ஒரு சோடிக் காளை விலை! கேக்குதா? திட்டுங்கய்யா!"

சங்கையா அவர் கையைப் பிடித்தபடியே இருந்தார். அது எந்தத் தொகையும் இல்லை. சற்று நேரத்தில் பிடி தளர்ந்தது.

சோலைச்சாமி வந்து மணிக்கட்டைப் பிடித்தார். கடிகாரத்தில் முள் மூன்று சுற்றுச் சுற்றும்வரை பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு வாசலில் கூடியவர்களை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டு வந்து, கீழே விழுந்து கிடந்த துண்டை எடுத்து மாமாவின் கைமேலும் தேவநேசனின் கைமேலும் சேர்த்துப் போட்டார்.

"அண்ணாச்சி, ஒருக்கா விலை சொல்லுங்க."

தேவநேசன் புரியாமல் நிமிர்ந்து பார்த்தார்.

"கூட்டியே சொல்லுங்க. மாமாவுக்குக் கோவம் வரணும்." கம்பவுண்டர் துண்டை இழுத்துச் சரிசெய்தார். "அன்னைக்கும் இப்பிடித்தான், சுத்தமா நாடி இல்ல. நான்தான பிடிச்சுப் பாத்தேன்."