துணைக்கு ஒரு விசா

அடிவயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டது போல் கனத்தது. காலையில் அருப்புக்கோட்டையில் அம்மாவோடு பஸ் ஏறுவதற்கு முன்னால் ஒன்றுக்குப் போனது. இப்போது வெயில் மேற்கே சாய்ந்துவிட்டது. நாகஜோதி மாமா வீட்டுச் சமையலறையில் சுவரோடு ஒண்டி, கால்களை இறுக்கிக்கொண்டு, வெங்காயம் உரிப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் கக்கூஸ் இல்லாமல் இல்லை. மாமா சங்கையா கட்டியிருக்கும் வீடு பரளச்சிப் பக்கத்தில் பேர் சொல்கிற வீடு. பூசையறை இருக்கிற கூரைக்குக் கீழே அந்தக் கருமம் கூடாது என்று வாஸ்து பார்க்க வந்தவன் சொல்லிவிட்டான். அதனால் வாசல் கேட்டை ஒட்டி, ரோஸ் கலர் டைல்ஸ் பதித்து, வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்க்கிற மாதிரி கட்டியாயிற்று. கேட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் தகரக் கொட்டகை. அதில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஆம்பளைகள். ஆம்பளைகள் உட்கார்ந்திருக்கும்போது அவர்களைத் தாண்டிப் போய் ஒரு பொம்பளை அந்தக் கதவைத் திறப்பது அந்த வீட்டு வழக்கத்தில் இல்லை. பொம்பளைகளுக்காக ஆம்பளைகள் எழுந்து போவதும் வழக்கத்தில் இல்லை.

அத்தை தங்கலட்சுமியிடம் சொல்லிப் பார்த்தாள்.

"பேசி முடிச்சிட்டு எந்திரிச்சிருவாக தாயி. செத்த பொறு. நாங்கள்லாம் பொறுக்கல?"

இப்படிப் பொறுத்துப் பொறுத்துத்தான் போன வருஷம் சிறுநீரகம் வரைக்கும் சீழ் ஏறி, மதுரை ஆஸ்பத்திரியில் குளிரில் உதறிக்கொண்டு கிடந்தாள் அத்தை. கூட இருந்து பார்த்தவள் நாகஜோதி. படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினாள். தலையாட்டிவிட்டு வந்து மறுபடியும் பொறுக்கிறாள்.

திருச்சுழிப் பக்கத்தில் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாகஜோதி டாக்டர். அவளிடம் வருகிற பெண்களில் பாதிப்பேருக்கு இதே சீக்கு. தறிப்பட்டறையில் நிற்கிறவர்கள், மிளகாய் பறிக்கிறவர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். ஒதுங்க இடமில்லை என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். எரிச்சலோடு வந்து, இந்த மாத்திரை கேட்கவில்லை, வேற மாத்திக் கொடுங்க என்பார்கள். மாற்ற வேண்டியது மாத்திரையை இல்லை என்று நாகஜோதிக்குத் தெரியும். எதை, எப்படி மாற்றுவது என்று தெரியாது. அதற்காகத்தான் மேல்படிப்புக்கு எழுதிப் போட்டாள்.

இரண்டு இடத்தில் கிடைத்தது. மெல்போர்னில் இரண்டு வருஷம்: குடிதண்ணீர், கழிப்பறை, அதனால் வரும் நோய், ஒரு தாலுகாவையே எடுத்துக்கொண்டு வேலை செய்யும் களப்பயிற்சி. அவளுக்கென்றே யாரோ உட்கார்ந்து எழுதிய பாடத்திட்டம் போலிருந்தது. ஆனால் உதவித்தொகை பாதிதான். மீதிக்கு பேங்க் லோன் தரும், நிலத்தை ஈடு காட்டினால். லண்டனில் ஒரு வருஷம்: ஆஸ்பத்திரி நிதி, காப்பீடு, நிர்வாகம். முழு உதவித்தொகை. அவளுக்கு அதில் பிடித்ததே அந்த ஒன்றுதான்.

பொதுச் சுகாதாரம் என்று முதலில் கேள்விப்பட்டபோது மாமா காறித் துப்பினார். நம்ம சாதிப் பொண்ணு கப்பலேறிப் போய்க் கக்கூஸ் படிக்கணுமா, அதுக்குத்தான் ஊருக்குள்ள தனியா ஆளுக இருக்காகளே என்று டீக்கடையில் நாலு பேர் கேட்கச் சொன்னார். அந்த "ஆளுக" இரண்டு பேர் அப்போது கடைக்கு வெளியே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழவேண்டும் என்றேதான் சொன்னார். அவர் வீட்டு ரோஸ் கலர்க் கக்கூஸின் தொட்டியை அள்ளுவதும் அவர்கள்தான்.

அப்புறம் அவர் மகன் காளீஸ்வரன் போனில் எதையோ தோண்டியெடுத்தான். இன்ஜினியரிங் பாதியில் விட்டு, அப்பன் வாங்கிக் கொடுத்த புல்லட்டைத் துடைப்பதையே உத்தியோகமாக வைத்திருப்பவன். அவன் படித்த ஒரே விஷயத்தை ஒழுங்காகப் படித்திருந்தான். ஆஸ்திரேலியாவில் படிக்கப் போகிற பெண்டாட்டியோடு புருஷனும் போகலாம். போய் முழுநேரமும் வேலை பார்க்கலாம். லண்டனில் அந்தப் படிப்புக்குப் புருஷனுக்கு விசா இல்லை.

அன்றோடு கக்கூஸ் படிப்பு தெய்வப் படிப்பாகிவிட்டது. நாகஜோதியின் அம்மா கருத்தம்மாளுக்குக் கூடப் பிறந்தவர் சங்கையா. தாய்மாமன் மகன் முறைமாப்பிள்ளை. முறை அவர்களுக்கு இருக்கிறது, நிலமும் அவர்களிடம் இருக்கிறது. நிலத்தை ஈடு கொடுக்கிறேன், மகனைக் கட்டிக்கொள், மெல்போர்னுக்கு ரெண்டு பேரும் போங்க என்று பேசி முடிப்பதற்குத்தான் இன்றைக்குக் கிடாய் அடித்துச் சாப்பாடு.

கொட்டகையிலிருந்து மாமாவின் குரல் உள்ளே வரைக்கும் கேட்டது. காது குத்தும்போது மடியில் வைத்துக்கொண்டது அவர். சடங்கானபோது பச்சை ஓலைக் குடிசை கட்டியது அவர். பட்டுச்சேலை, வெள்ளிக் கொலுசு, பித்தளை அண்டா, எல்லாம் அவர். தகப்பன் இல்லாத பிள்ளையை டாக்டராக்கியதே அவர்தான் என்பது வரைக்கும் போய்விட்டார். கருத்தம்மாள் அருப்புக்கோட்டைத் தறிப்பட்டறையில் நூல் தூசியைத் தின்று இருமி இருமிச் சம்பாதித்தது அந்தப் பேச்சில் எங்கேயும் வரவில்லை. வந்திருந்த உறவுமுறைகள் கறி வாசனைக்குக் கட்டுப்பட்டுத் தலையாட்டினார்கள்.

"மெல்போனு குளிருமா மாப்ள?" என்று ஒருவர் கேட்டார்.

"ஜாக்கெட் ஆர்டர் போட்டாச்சு," என்றான் காளீஸ்வரன்.

நாகஜோதி எழுந்தாள். அத்தை அவள் கையைப் பிடித்தாள். விடுவித்துக்கொண்டு, வாசல்படி இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே நடந்தாள். பேச்சு அறுந்தது. ஒருவர் காலை இழுத்துக்கொண்டார், ஒருவர் வானத்தைப் பார்த்தார். அவள் ரோஸ் கலர்க் கதவைத் திறந்து உள்ளே போனாள். கொட்டகையே ஒரு பொம்பளை மூத்திரம் பெய்து முடிப்பதற்காகக் காத்திருந்தது. மீசை வைத்த அத்தனை பேருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

கைகழுவி ஈரத்தைத் துப்பட்டாவில் துடைத்தபடி வந்து நின்றாள்.

"என்னத்தா இது, பெரிய மனுசங்க இருக்கோம்," என்றார் மாமா.

"வந்துச்சு, போனேன் மாமா. நான் லண்டனுக்குப் போறேன்."

காளீஸ்வரன் போனிலிருந்து தலையைத் தூக்கினான். மாமா சிரிக்கப் பார்த்தார். அந்தத் தண்ணிப் படிப்பு ஊருக்கு எவ்வளவு நல்லது, பொம்பளைகள் படுகிற பாடு என்ன என்று, காறித் துப்பிய அதே வாயால் அவளுக்கே விளக்கினார்.

"எனக்கும் அதுதான் ஆசை. ஆனா அந்தப் படிப்போட உங்க மகனையும் சேத்துப் படிக்கணும்னா, எனக்கு ஏலாது."

"அப்ப எம் நெலம் ஈடு வராது. பாத்துக்க."

வீட்டு வாசலில் கருத்தம்மாள் வந்து நின்றிருந்தாள். அண்ணன் முன்னால் நிமிர்ந்து பேசிப் பழக்கமில்லாதவள். இப்போதும் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டுதான் பேசினாள்.

"அண்ணே, உங்க நெலம் வேணாம். அதுல எம் பங்கப் பிரிச்சுக் குடுங்க. அத ஈடு வச்சு எம் பிள்ள மெல்போனே போவா. தனியா."

"உம் பங்கா? நீதான் பங்கு வேணாம்னு விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டீயே."

"போட்டேன். எம் புருசன் காரியம் முடிஞ்ச மறுநா காரக் கொண்டாந்து ரிஜிஸ்தர் ஆபீசுக்கு ஏத்திட்டுப் போனீக. தாலியறுத்தவளுக்கு நெலம் எதுக்கு, பிள்ளைக்குச் செய்முறை செய்ய நான் இருக்கேன்னீக. எதுக்குப் போடுறோம்னுகூடத் தெரியாமப் போட்டேன்."

"செய்யலயா நான்? செஞ்சேன்ல?"

"கொலுசும் அண்டாவும் செஞ்சீக. அதுக்கு நாலு ஏக்கராண்ணே?"

உறவுமுறைகளில் பாதிப்பேர் வீட்டிலும் அக்கா தங்கச்சி உண்டு. அவர்களிடமும் ஒரு கையெழுத்து வாங்கியாயிற்று. அதனால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மூத்தவர் ஒருவர் மட்டும், பொம்பளைகள் சொத்துக் கேட்டால் பொறந்த வீட்டு வாசல் அடைபட்டுப் போகும் என்று பொதுவாகச் சொல்லிவைத்தார். மாமாவுக்குத் தெம்பு வந்தது.

"அதுக்குத்தான எம் மகனையே உம் மகளுக்குக் குடுக்கேன்? நெலம் எங்க போகுது, உம் பேரன் பேத்திக்குத்தான வருது?"

"எம் பங்க நான் கேக்க, எம் மகள விலையாக் கேக்குறீக," என்றாள் கருத்தம்மாள்.

இலை போடச் சொல்லிக் கொட்டகையில் யாரோ குரல் கொடுத்தார்கள். தாயும் மகளும் சாப்பிடாமல் கிளம்பினார்கள். அத்தை வாசல் கேட் வரைக்கும் வந்தாள். கேட்டைச் சாத்துகிற சாக்கில் அந்த ரோஸ் கலர்க் கதவைப் பார்த்தாள், கொட்டகையைப் பார்த்தாள், திரும்பி உள்ளே போய்விட்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கோர்ட்டுக்குப் போவோமா என்று நாகஜோதி கேட்டாள். போவோம், ஒரு வக்கீலைப் பாரு என்று அம்மா உடனே சொன்னதில் நாகஜோதிக்கே ஆச்சரியம். ஆனால் கோர்ட்டு நடக்கிற நடைக்கு மெல்போர்ன் காத்திருக்காது. பதில் சொல்ல இந்த வாரம்தான் கெடு. போனை எடுத்து, இடம் வேண்டாம் என்று மெல்போர்னுக்கு எழுதினாள். வருகிறேன் என்று லண்டனுக்கு எழுதினாள். ஆஸ்பத்திரிக் கணக்கைப் பற்றி ஒரு வருஷம் படிக்கப் போகிறாள். தறிப்பட்டறைப் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் நிற்பார்கள், மாத்திரை மாற்றிக் கேட்பார்கள். அவள் இடத்துக்கு வருகிற டாக்டர் மாற்றிக் கொடுப்பார்.

பரளச்சி விலக்கு ரோட்டைத் தாண்டியதும் கருத்தம்மாள் ஜன்னல் கம்பி வழியே கையை நீட்டிக் காட்டினாள். கரிசலில் மக்காச்சோளம் இடுப்பளவு நின்றது. ஓடையிலிருந்து வேப்பமரம் வரைக்கும் நாலு ஏக்கர். அது கருத்தம்மாளின் பங்கு. சங்கையா அதை அவளுக்கு இன்னும் தரவேண்டியிருக்கிறது.