ஹென்னிங் வீட்டில் மணி ஐந்துதான்

1
இந்தக் கதை ரொட்டிக்கடை வரிசையில் சுட்டது. மார்ச் மாதக் கடைசி ஞாயிறு, காலை. கோடைக்காக எல்லாரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும் நாள். எனக்கு முன்னால் நின்ற ஹென்னிங் பொருமினான்: “வருஷத்துல அம்பத்திரண்டு ஞாயித்துக்கிழமை இருக்கு. என் பொண்ணு என்கூட இருக்கிற நாள்லதான் கை வைக்கணுமா?”

“எத்தனை பன்?” என்றாள் கடைக்காரப் பெண்.

மனைவி வீப்கேயைப் பிரிந்தவன் அவன். ஐந்து வயது மகள் யூலே அவனிடம் வருவது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. ஞாயிறு மாலை ஐந்துக்குத் தாயிடம் திருப்பி விட்டுவிட வேண்டும்.

2
முதல் தொடக்கம்: “காலம் என்பது மனிதன் தனக்குத்தானே...” வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

இரண்டாவது: “சமையலறைக் கடிகாரம் பழைய நேரத்தையே காட்டியது. ஹென்னிங் மறந்தே...”

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். காலையில் வரிசையில் நின்று புலம்பியவன் எப்படி மறப்பான்? (என் மனைவி படித்துவிட்டு, “ஆம்பளைங்க வசதியாத்தான் மறப்பாங்க” என்றாள். அந்த வரியை அடித்துவிட மனம் வரவில்லை.)

3
அவன் யூலேயைக் கொண்டுபோய் விட்டபோது வீப்கே வாசலிலேயே நின்றாள்.

“மணி ஆறு.”

“எங்க வீட்டுல அஞ்சுதான்.”

“உங்க வீட்டுக்குத் தனி அரசாங்கமா?”

“கடிகாரத்தை மாத்த மறந்துட்டேன்.”

“அப்பா மறக்கல,” என்றாள் யூலே. “நான் மாத்தலாம்னு ஸ்டூல்ல ஏறினேன். வேண்டாம்னு இறக்கி விட்டுட்டாரு.”

(இங்கே பத்து வரிச் சண்டை எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.)

“இவளுக்கு இப்போ எட்டு மணிக்குத் தூக்கம் வராது. காலையில அழ அழ எழுப்புறது யாரு, நீயா? ஒரு வாரத்துக்கு இதே பாடுதான்,” என்றாள் வீப்கே. பிறகு, “சரி, உள்ள வா. தேத்தண்ணி போட்டிருக்கேன்.”

4
அடிக்குறிப்பு, நடுவிலேயே: கிழக்கு ஃபிரீஸியாவில் எங்களுக்குத் தேநீர் என்றால் மூன்று கோப்பை. அடியில் கற்கண்டு, மேலே பாலாடை. போதுமென்றால் கரண்டியைக் கோப்பைக்குள் போட வேண்டும். போடாதவரை ஊற்றிக்கொண்டே இருப்போம். வாயால் சொன்னால் யார் காதிலும் விழாது.

முதல் கோப்பையை வீப்கே ஊற்றினாள். யூலே இருவருக்கும் நடுவே உட்கார்ந்து சூட்டில் கற்கண்டு வெடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டாவதில் வீப்கே கேட்டாள்: “அக்டோபர்ல கடிகாரத்தைத் திருப்பி வைக்கிறப்போ அந்த ஒரு மணி நேரம் திரும்ப வருமே?”

“வரும். அன்னைக்கு இவ உன்கிட்ட இருப்பா.”

“எப்படித் தெரியும்?”

“முப்பத்தொரு வாரம், ஒத்தைப்படை. காலண்டர்ல எண்ணிப் பார்த்துட்டேன்.”

வீப்கே மூன்றாவதை ஊற்றினாள். ஹென்னிங்குக்கு இந்த மேசை வேண்டும், இந்த இரண்டு பேரும் வேண்டும். இதை ஒளித்து எழுதும் சாமர்த்தியம் எனக்கில்லை.

5
முடிவு அ: கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்து போகிறான், வீட்டுக் கடிகாரத்தைத் திருத்துகிறான். நியாயமான முடிவு. எனக்குப் பிடிக்கவில்லை.

முடிவு ஆ: வீப்கே தன் வீட்டுக் கடிகாரத்தைப் பின்னால் தள்ளி... சேச்சே, அவள் அப்படிப்பட்டவள் அல்ல.

அடுத்த ஞாயிறு, அதே வரிசையில், ஹென்னிங் சொன்னது இவ்வளவுதான். மூன்றாவது கோப்பை காலியானது. கரண்டியை எடுக்கக் கையை நீட்டினான். தட்டில் கரண்டி இல்லை. மேசைக்கடியில் யூலே அதை இரண்டு கையாலும் மடியில் அமுக்கிப் பிடித்திருந்தாள். வீப்கே அதைப் பார்த்துவிட்டாள். தேநீர்க் குடுவை அவள் கையில்தான் இருந்தது.

அதற்குள் அவன் முறை வந்துவிட்டது, பன்னை வாங்கிக்கொண்டு போய்விட்டான். எத்தனை பன் வாங்கினான் என்று நான் பார்க்கவில்லை. மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் குழந்தையிடமிருந்து கரண்டியை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.