உள்ளங்கையில் ஒரு சாக்பீஸ் கோடு

கருகல் வாடை முதலில் எட்டியது அண்ணியின் மூக்குக்குத்தான். துணி தீய்கிறது என்று ஓடி வந்தவள், இஸ்திரிப் பெட்டியைப் பார்த்ததும் அலறிவிட்டாள்.

"அடியே சின்னவளே! விரலைப் பாருடி!"

தீய்ந்துகொண்டிருந்தது சின்னவளின் ஆள்காட்டி விரல். அவளோ ஒன்றுமே தெரியாமல் காலரை நீவிக்கொண்டிருந்தாள்.

போன மழையில் ஜன்னல் கண்ணாடி உடைந்து அவள் வலது மணிக்கட்டில் ஆழமாக இறங்கியிருந்தது. அறுந்த நரம்பை டாக்டரம்மா தைத்துவிட்டார். காயமும் ஆறிவிட்டது. ஆனால் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும், யாரோ இரவல் கொடுத்துவிட்டுப் போனவை போல ஒட்டிக்கொண்டிருந்தன.

தையற்கடை அண்ணனுடையது. ஆனால் கட்டிங் மேசை எப்போதும் சின்னவளுடையது.

"போதும்மா," என்றான் அண்ணன், கொப்புளத்தைப் பார்த்தபடி. "நீ கல்லாவுல உக்காரு. மேசைக்கு மச்சானை வரச் சொல்லிட்டேன். கத்தரியைக் குடு."

மச்சான் என்றால் அண்ணியின் தம்பி. வாயும் கத்தரியும் ஒரே வேகத்தில் ஓடுவதால் கடை முழுக்க அவனுக்குக் 'கடகட' என்றுதான் பெயர்.

"மேசை உன்னோடது. அவனைக் கூப்பிட்டுக்கோ," என்றாள் சின்னவள். "கத்தரி என்னோடது. குடுக்க மாட்டேன்."

"செத்துப்போன விரலை வெச்சுக்கிட்டு என்னடி வீம்பு?"

"செத்துப்போச்சுன்னு உனக்கு யார் சொன்னா?"

அன்று மாலையே டாக்டரம்மாவிடம் போய் நின்றாள். அவர் கொப்புளத்துக்கு மருந்து போட்டுவிட்டுக் கேட்டார்.

"பாவாடைக்கு நாடா கோர்த்திருக்கியா?"

"வேற என்ன வேலை எனக்கு?"

"அப்ப உனக்குச் சுலபமாப் புரியும். நரம்புங்கிறது ஒரே கயிறு இல்ல. ஆயிரக்கணக்கான இழை சேர்ந்த கட்டு. ஒவ்வொரு இழையும் முதுகுத்தண்டுகிட்ட இருக்கிற ஒரு செல்லோட வால். விரல் நுனி வரைக்கும் அந்த ஒரே வால்தான். மணிக்கட்டுல அறுந்ததும் கீழ இருந்த வால் செத்துடுச்சு. அதோட உறை மட்டும் காலியா கிடக்கு, நாடா உருவின பாவாடை மாதிரி. ஆனா செல் சாகலை. புது வாலை அந்த உறைக்குள்ள தள்ளிக்கிட்டே இருக்கு."

"வேகமாத் தள்ளச் சொல்லுங்க."

"நகம் வளர்றதை விட வேகம்தான். உன் பொறுமையை விட மெதுவு."

சொல்லிக்கொண்டே தழும்பிலிருந்து கீழ்நோக்கித் தட்டிக்கொண்டு வந்தார். உள்ளங்கையின் தொடக்கத்தில் ஓரிடத்தில் தட்டியதும் விரல்களுக்குள் மின்சாரம் பாய்ந்தது போலச் சுரீரென்றது. சின்னவள் துள்ளிவிட்டாள்.

"இதுவரைக்கும் வந்திருக்கு. ஆனா ஒண்ணு. சில இழை உறை மாறி நுழைஞ்சிடும். அப்ப ஒரு விரலைத் தொட்டா பக்கத்து விரல்ல தெரியும். அதை நீதான் மூளைக்குப் பழக்கணும்."

சுரீரென்ற இடத்தில் வீட்டுக்கு வந்து தையல் சாக்பீஸால் கோடு போட்டாள் சின்னவள். அடிக்கடி தட்டிப் பார்ப்பாள். சுரீர் நகர்ந்திருந்தால் பழைய கோட்டை அழித்துவிட்டுப் புதுக்கோடு. கல்லாவில் உட்கார்ந்தபடி வெட்டுத்துணிகளை மடியில் போட்டுக்கொண்டு, கண்ணால் பார்த்துக்கொண்டே ஒருமுறை தடவுவாள், கண்ணை மூடி ஒருமுறை தடவுவாள்.

"என்ன மாமா, உங்க தங்கச்சி கையில ரோடு போடுறாங்களா?" என்பான் கடகட.

"ஆமாடா. உன் வண்டியை ஓரங்கட்டு," என்பாள் அவள்.

கோடு உள்ளங்கையைக் கடந்து விரல்களுக்குள் ஏறிய பருவத்தில், நாடக அரங்கு ஒன்றிலிருந்து திரை தைக்கும் வேலை வந்தது. சிவப்பு வெல்வெட். அந்தத் துணியின் ரோமம் ஒரு பக்கமாகப் படுத்திருக்கும். எல்லாத் துண்டும் ஒரே திசையில் அமையாவிட்டால், தொங்கவிட்டதும் ஒன்று சிவப்பாகவும் ஒன்று கறுத்தும் தெரியும். கடகட துண்டுகளை வெட்டி, தைக்கிற வரிசையில் மேசையில் பக்கம் பக்கமாகப் பரப்பியிருந்தான்.

போகிற போக்கில் சின்னவள் அவற்றின்மேல் கையை ஓட்டினாள். நின்றாள்.

"மூணாவது துண்டு தலைகீழ்."

"நான் பார்த்துத்தான் போட்டேன்!" என்றான் கடகட.

"நீ பார்த்தே. நான் தொட்டேன்."

அண்ணனுக்குக் கோபம் வந்தது. "கண்ணால பார்த்துட்டு விரல் சொல்லுச்சுங்கிறியா?"

"அப்ப கண்ணைக் கட்டு. துண்டைக் கலைச்சுப் போடு. தப்பாச் சொன்னா கத்தரியை நானே அவன் கையில குடுக்கிறேன்."

அண்ணிதான் கட்டினாள், இறுக்கமாக. சின்னவள் இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். முதல் துண்டில் ஒன்றுமே தெரியவில்லை. மறுபடி, அழுத்தாமல், மெல்ல. வழவழவென்று போனது. "இது நேர்." அடுத்ததும் நேர். அதற்கடுத்ததில் ஆள்காட்டி விரலை வைத்து இழுத்தாள். நடுவிரலில் முள்முள்ளாய்க் குத்தியது.

"இதுதான். நடுவிரல்ல குத்துது."

"நீ வெச்சது ஆள்காட்டி விரலை!" அண்ணன் சிரித்தேவிட்டான். "எந்த விரல்னுகூடத் தெரியலை!"

அண்ணி அந்தத் துண்டையும் இன்னொன்றையும் வாசல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். ஒன்று சிவப்பு. ஒன்று காய்ந்த ரத்தம்.

"துணி மிச்சமாகுமேன்னு திருப்பிப் போட்டேங்க்கா," என்றான் கடகட, முதல்முறையாக மெதுவாக.

"தம்பி, இதைத் தொங்கவிட்டா வந்தவங்க நாடகத்தை விட்டுட்டுத் திரையைத்தான் பார்ப்பாங்க," என்றாள் அண்ணி.

அண்ணன் விடவில்லை. "விரல் மாறித் தெரியுது. நாளைக்கு வேற எதாவது மாறித் தெரிஞ்சா?"

சின்னவள் கண்கட்டை அவிழ்த்தாள். "தெரியட்டும். கடிதாசு பக்கத்து வீட்டுல விழுந்தாலும் எனக்கு வந்தது எனக்குத்தான். நான் போய் வாங்கிக்கிறேன்."

கட்டைவிரலில் இன்னும் பலம் இல்லை. கத்தரியின் வளையத்தோடு சேர்த்து அதை நாடாவால் சுற்றி, முடிச்சைப் பல்லால் இழுத்தாள். யாரையும் கேட்காமல் மேசையின் முன் தன் பழைய இடத்தில் நின்று, புதுத் துணியை விரித்துத் தடவினாள்.

"இஸ்திரிப் பெட்டிப் பக்கம் மட்டும் நான் வர மாட்டேன்," என்றாள், தலையைத் தூக்காமலே. "அது உன் மச்சானுக்கு."

அண்ணன் வாயைத் திறந்தான். அதற்குள் கத்தரி துணியில் இறங்கிவிட்டது.