டேப் ஒட்டிய ஐந்து மட்டைகள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது ஒரே ஒரு கட்டைவிரலைத்தான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

மகளுக்குக் கிரிக்கெட் மட்டை வாங்க ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போயிருந்தேன். எனக்கு அந்த ஆட்டத்தின் அரிச்சுவடிகூடத் தெரியாது. எல்லா மட்டையும் எனக்குக் கட்டைதான். கடையை நடத்தும் அம்மாள், புது மட்டைகளைத் தன் தம்பி இன்றைக்குத்தான் சோதிக்கிறான், அவன் சொன்ன பிறகு எடுத்தால் ஏமாற மாட்டீர்கள் என்று சொல்லி உட்காரவைத்தார். மேசைமேல் ஐந்து மட்டைகள். ஐந்தின் முகத்திலும் வெள்ளை டேப். தம்பி என்பவர் ஒவ்வொன்றாக எடுத்து, கட்டைவிரலால் மேலிருந்து கீழே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்காவது மட்டையில் விரல் நின்றது. அப்புறம் ஒன்றும் நடக்காததுபோல் நகர்ந்தது.

அவ்வளவுதான். மட்டையை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன். மகள் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

2

முதல் தொடக்கம்: மட்டைகள் ஐந்தும் மேசைமேல் தங்கள் விதியை எதிர்நோக்கி

(இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை. மட்டைக்கு ஏது விதி? அவை பாட்டுக்குக் கிடந்தன.)

இரண்டாவது தொடக்கத்தில், மட்டை செய்வதில் கரைகண்ட கிழவர் ஒருவர் வந்தார். வந்ததிலிருந்து அறிவுரையாகவே சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் பத்தியில் மரியாதையாக வழியனுப்பிவிட்டேன்.

மூன்றாவது நிற்கும்போல் இருக்கிறது. அது இதுதான்: தம்பிக்குப் பாம்புக் காது.

(கடையில் பார்த்தபோது 'அவர்'. கதைக்குள் வந்துவிட்டால் 'அவன்'. அக்காவும் அப்படியே. யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

3

அவனுக்குக் காது சோதிக்கும் இடத்தில் வேலை. வருகிறவர்களின் தலையில் ஹெட்ஃபோனை மாட்டி, "சத்தம் கேட்டதும் கையைத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொள்வான். சிலர் கேட்டும் தயங்குவார்கள். சிலர் கேட்காமலே, கெட்டிக்காரர்போல் தூக்குவார்கள். எந்தக் கை உண்மை, எந்தக் கை பாசாங்கு என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவான்.

விடுமுறை நாட்களில் அவன் உள்ளூர் அணியின் தொடக்க ஆட்டக்காரன். மானம் ரோஷம் எல்லாம் ஸ்டம்பில்தான். பயிற்சியில் போல்டானால்கூட அன்றைக்குச் சோறு இறங்காது.

கீழே அக்காவின் கடை, மேலே இருவருக்கும் வீடு. புதிய மட்டைகள் வந்ததும் அக்கா எல்லாவற்றின் ஸ்டிக்கரையும் டேப்பால் மூடிவிடுவாள். பெயரைப் பார்த்து மனசு சாயக் கூடாது. டேப்பின்மேல் அ, ஆ, இ, ஈ, உ என்று எழுதுவாள். கடைக்குப் பின்னால் வலை கட்டிய இடத்தில் அவள் எறிவாள், அவன் அடிப்பான். அவன் சொல்லும் வரிசையில் மட்டைகள் சுவரில் தொங்கும். அந்த வரிசைக்கு மேல்முறையீடு கிடையாது. சொந்த அணித் தலைவர் ஆசையாகக் கொண்டுவந்து காட்டிய மட்டையையே தூக்கிப் பார்த்து, துணி துவைக்க நன்றாக இருக்கும் என்று சொன்னவன் அவன்.*

(*தலைவர் ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் மட்டையை மாற்றிக்கொண்டார்.)

4

இப்போது அக்காவைப் பற்றி. எனக்கு இவள்மேல்தான் சந்தேகம் இருந்தது. எழுத எழுத, ஏன் இவள் கதைக்குள் சும்மா நின்றுகொண்டிருக்கிறாள் என்று தோன்றியது. கேட்டுப் பார்த்தேன். அவள் 'ஈ' மட்டையைப் பார்த்தாள்.

அதைச் செய்தவள் அவள்தான்.

அடுத்தவர்கள் மட்டைக்குக் கிரிப் மாட்டுவதும் உடைந்த கைப்பிடியைக் கட்டுவதுமாகவே அவள் காலம் போய்க்கொண்டிருந்தது. சொந்தமாக ஒன்று செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் போகவில்லை. மரத்துண்டு ஒன்றை வரவழைத்து, கடையின் உள்ளறையில் வைத்துச் செதுக்கினாள். பழுது பார்க்கிறாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். தம்பி வாயால் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் தன் பெயரிலேயே மட்டை செய்வது, வராவிட்டால் உளியை மூட்டை கட்டிவிடுவது என்று மனதுக்குள் முடிவு. அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் பொய் சொல்ல மாட்டான், ஆனால் சோறு தண்ணி இல்லாமல் தவிப்பான் என்று அவளுக்குத் தெரியும்.

எல்லாம் செய்தாள். ஒன்றை மட்டும் செய்ய முடியவில்லை. புது மட்டையை மரச்சுத்தியால் நாள்கணக்கில் மெல்லத் தட்டித் தட்டிப் பழக்க வேண்டும். அப்போதுதான் அதன் முகம் இறுகும். பழக்காத மட்டையில் கெட்டிப் பந்து வேகமாகப் பட்டால் விரிசல் விடும். மற்ற நான்கும் பட்டறையிலேயே தட்டி வந்தவை. இவள் வீட்டில் எப்படித் தட்டுவாள்? நாள்கணக்கில் சுத்திச் சத்தம் கேட்டால் இது பழுது பார்ப்பதில்லை என்று மாடியில் உட்கார்ந்திருக்கும் பாம்புக் காது கண்டுபிடித்துவிடுமே.

(அவன் வேலைக்குப் போன பிறகு தட்டலாமே என்று கேட்பீர்கள். பகல் முழுக்க அவன் அணிக்காரர் யாராவது கடையில் உட்கார்ந்து ஊர்க்கதை அளந்துகொண்டிருப்பார். அவர்கள் வாயில் எதுவும் தங்காது.)

5

இனிக் கட்டைவிரல்.

ஸ்டிக்கர் உள்ள நான்கு மட்டைகளில், டேப்புக்கு அடியில் அதன் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படும். 'ஈ'யில் மூடுவதற்கு ஸ்டிக்கரே இல்லை. அதன்மேலும் அதே டேப்பை ஒட்டிவிட்டால் ஐந்தும் ஒன்றாகிவிடும் என்று அக்கா நினைத்துவிட்டாள். கண்ணுக்கு ஒன்றாகத்தான் இருந்தன. விரலுக்கு இல்லை.

பெயரில்லாத மட்டை எங்கிருந்து வந்தது என்று யோசித்தபடியே தம்பி வலைக்குள் போனான்.

'அ' தூக்கும்போது எடையே தெரியவில்லை, ஆனால் பந்து பட்டதும் கைப்பிடிவரை அதிர்ந்தது. 'ஆ' கொஞ்சம் கனம், தோள் முணுமுணுத்தது. ஆனால் சும்மா தொட்டதற்கே பந்து பறந்தது. 'இ' பார்க்க ராஜா. நடுவில் பட்டால் தங்கம், கொஞ்சம் தள்ளிப் பட்டால் வெறும் பலகை.

பிறகு 'ஈ'. தூக்கியதும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. வலது மணிக்கட்டில் அவனுக்குத் தீராத வலி ஒன்று உண்டு. மட்டையின் கீழ்ப்பாரம் கொஞ்சம் கூடினாலும் சுள்ளென்று காட்டிக்கொடுக்கும். இப்போது அந்த வலி வாயே திறக்கவில்லை. அந்த வலியைப் பற்றி அவன் வெளியே சொன்னதில்லை. அதற்குத் தைலம் தேய்த்துவிடுகிற ஒருத்திக்குத்தான் தெரியும்.

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் ஏற்கெனவே பளபளத்த பந்தை இன்னும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

எறிந்தாள். மொத்தென்று பட்டு, பந்து காலடியில் உருண்டது. மறுபடியும் அதே. கைக்கு இவ்வளவு சுகமான மட்டை பந்துக்கு ஏன் இப்படிச் செத்துக் கிடக்கிறது? அப்போதுதான் கவனித்தான். மற்ற மட்டைகளுக்குக் கையைச் சுழற்றி எறிந்தவள், இதற்கு மட்டும் குழந்தைக்குப் போடுவதுபோல் போடுகிறாள்.

"ஏன்க்கா பொத்திப் பொத்திப் போடற?"

"கை வலிக்குதுடா."

"நல்லா எறி. இப்படிப் போட்டா இதைக் கடைசியிலதான் மாட்டுவேன்."

அக்கா பந்தை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். மெதுவாகப் போட்டால் மட்டை தோற்கும். வேகமாகப் போட்டால் உடையலாம். அவள் வழக்கத்தைவிட நீளமாக நடந்தாள்.

6

இந்த இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. கையில் இருந்த முடிவுகள்:

அ. அவள் வேகமாக எறிய, மட்டை விரிசல் விடுகிறது. (எழுதிப் பார்த்தேன். மேலே படிக்க எனக்கே மனசு வரவில்லை. கிழித்துவிட்டேன்.)

ஆ. தம்பி மட்டை பிரமாதம் என்று புளுகுகிறான். இருவரும் கண்கலங்க (இல்லை. இவன் புளுக மாட்டான். நான் எழுதினாலும் இவன் வாயிலிருந்து வராது.)

இ. பந்து காற்றில் இருக்கும்போதே கதையை முடிப்பது. (எழுத்தாளர்கள் நழுவுகிற வழி. உங்களைக் காக்கவைத்துவிட்டு அப்படிப் போக எனக்கு வெட்கமாக இருக்கிறது.)

7

பந்துக்காகக் காத்திருக்கும்போது, தம்பி மட்டையின் நுனியைத் தரையில் தட்டினான். எல்லா ஆட்டக்காரர்களும் செய்வதுதான். பழகிய மட்டை டக் என்னும். இது தொப் என்றது.

சுத்தியே படாத மட்டை. வீட்டில் சுத்திச் சத்தம் கேட்கவே இல்லையே என்று நினைத்தான். ஏன் கேட்கவில்லை என்பதும் உடனே புரிந்தது. அவன் காதுக்குப் பயந்து ஒருத்தி சத்தமில்லாமல் ஒரு ஆசையைச் செய்து முடித்திருக்கிறாள். 

அக்கா ஓடி வந்தாள். இந்த முறை பொத்தி எறியவில்லை. இருந்த பலம் எல்லாவற்றையும் கூட்டி, நேராக எறிந்தாள்.

தம்பி மட்டையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டான்.

நடு ஸ்டம்ப் பிடுங்கிக்கொண்டு போய் விழுந்தது.

"நேரா வந்த பந்தை ஏன்டா விட்ட?" அவளுக்கு மூச்சு வாங்கியது.

"இதுல சுத்தியே படலக்கா. அடிச்சிருந்தா விரிசல் விட்டிருக்கும்."

 யார் சொன்னது என்று கேட்டாள் அக்கா.

"வீட்ல தட்டுற சத்தமே வரல. அதுதான் சொல்லுச்சு." அவன் குனிந்து ஸ்டம்பை எடுத்து நட்டான். அவள் பக்கம் திரும்பாமலே சொன்னான்: "மேல வெச்சுத் தட்டலாம். எனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்ல. தட்டி முடிச்சதும் அடிச்சுப் பாக்கறேன். நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னுதான் சொல்வேன்."

"அதுக்குத்தானே உன்கிட்டக் குடுத்தேன்" என்றாள் அக்கா.

8

சுவரில் இப்போது ஐந்து ஆணிகள். 'உ'வையும் அடித்துப் பார்த்தாயிற்று. நான்கில் மட்டைகள் தொங்குகின்றன. ஒன்று காலி. அது எத்தனாவது ஆணி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

மாடியில் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவளுக்குக் கை ஓய்ந்தால் அவன் சுத்தியை வாங்கிக்கொள்கிறான். அவனுக்கு மணிக்கட்டு சுள்ளென்றால் அவள் பிடுங்கிக்கொள்கிறாள். தொப், தொப், தொப். மரம் இறுக இறுக, ஏதோ ஒரு தட்டில் இந்தச் சத்தம் மாறும் என்கிறார்கள். மாறினால் மட்டை பிறந்துவிட்டது என்று அர்த்தம். மாறாமலே போகிற மரங்களும் உண்டாம். இது எந்த மரம் என்று நான்தான் எழுத வேண்டும். எழுதினால் அது என் ஆசையாக இருக்குமே ஒழிய, உண்மையாக இருக்காது. கேட்காமலே கை தூக்குகிறவன் ஆகிவிடுவேன். தம்பி என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவான்.

அதனால் நான் பேச்சை நிறுத்திக்கொள்கிறேன். மகளிடமும் கொஞ்சம் பொறு என்று சொல்லியிருக்கிறேன். நீங்கள்தான் காது கொடுக்க வேண்டும். அவசரம் ஒன்றும் இல்லை.

சத்தம் கேட்டதும் கையைத் தூக்குங்க.