அண்ணாந்து குடித்தவர்

கஞ்சி குடித்து ஒரு மணி நேரம் ஆகவில்லை, ஆண்டியப்பனுக்கு மறுபடியும் பசி. பக்கவாதம் வந்து, மூன்று மாதமாக அவர் வாய்க்குள் போனதெல்லாம் கூழ்தான். தண்ணீரில்கூட மாவைக் கலக்கிக் கெட்டியாக்கிக் கொடுத்தாள் மனைவி ரஞ்சிதம். நீர்க்கக் குடித்தால் நுரையீரலுக்குள் போய்விடுமாம்.

“சுவத்துல நோட்டீஸ் ஒட்டுற பசைடி இது.”

“ஒட்டட்டும். அப்பவாச்சும் அந்த வாய் மூடுமில்ல.”

முப்பது வருடம் மலையில் தேயிலை வெட்டும் மிஷின் பிடித்தவருக்கு ஒரு வாய் தேநீர் இல்லை. போன மாதச் சோதனையில் கரண்டியால் கொடுத்த தண்ணீரை இருமாமல் விழுங்கித் தேறியிருந்தார். இன்று டவுன் கிளினிக்கில் கோப்பைத் தண்ணீர். தேறினால் தேநீர், தவறினால் இன்னொரு மாதம் பசை.

விழுங்கப் பயிற்சி தரும் திலகா கோப்பையை நீட்டினாள். ஆண்டியப்பன் அண்ணாந்தார். கோப்பையை ஒரு சாண் மேலே தூக்கி ஊற்றினார். இருமலில் கண் பிதுங்கியது.

“ஐயோ அங்கிள், அப்படியா குடிப்பீங்க? தலையைத் தூக்கினா தண்ணி மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும். கோப்பையில வாய் வச்சு, தாடையை நெஞ்சுப் பக்கம் இறக்கி முழுங்குங்க.”

“வாய் வச்சா? எச்சில் பண்ணவா? மலையில பத்துப் பேருக்கு ஒரு போத்தல், மிஸி. வாய் வச்சவனுக்கு முதுகுல விழும்.”

“இங்க நீங்க மட்டும்தான் லா!”

“என் கோப்பையிலயே வாய் வச்சதில்ல, மிஸி. அவ்வளவு ஆச்சாரம்,” என்றாள் ரஞ்சிதம்.

திலகா அவரைச் சற்று ஆற விட்டாள். பிறகு, “இன்னொரு தடவை. அதுலயும் இருமினா அடுத்த மாசம்தான்,” என்றாள்.

ஆண்டியப்பன் பழுக்கக் காய்ந்த இரும்பில் வைப்பதுபோல உதட்டை வைத்தார். தாடை இறங்கியது. தொண்டை ஏறி இறங்கியது.

“ஆ சொல்லுங்க.”

“ஆஆ.”

தொண்டையில் தண்ணீர் தங்கியிருந்தால் வரும் களகளப்பு குரலில் இல்லை. இன்னும் மூன்று மடக்கு. இருமல் வரவில்லை.

“தேறிட்டீங்க. தலை கீழேயே இருக்கணும். ஒரு நேரத்துக்கு அரைக் கோப்பை, அவ்வளவுதான்.”

எதிரே இருந்த தேநீர்க் கடையில் ஆண்டியப்பன், கோப்பைக்குள் எறும்பு தேடுகிறவர்போலக் குனிந்து குடித்தார். அரைக் கோப்பை முடிந்த பிறகுதான் நிமிர்ந்தார்.

“நீ குடிக்கல?”

“பழக்கம் விட்டுப்போச்சு.”

“யாரு விடச் சொன்னா?”

“நீங்க பார்க்கப் பார்க்க நான் எப்படிங்க குடிக்கிறது? மூணு மாசமா எனக்கும் சுடுதண்ணிதான்.”

ஆண்டியப்பன் கடைக்காரரைக் கூப்பிட வாயெடுத்தார். அதற்குள் அவர்களைத் திருப்பிக் கூட்டிப்போக வந்த எஸ்டேட் வேன் ஹார்ன் அடித்தது. ரஞ்சிதம் அவர் கையைப் பிடித்து எழுப்பினாள்.

மூன்று மாதத் தேநீர். ரஞ்சிதத்துக்கு ஆண்டியப்பன் இன்னும் தரவேண்டிய பாக்கி.