சாவு வீட்டுத் தண்ணீர்

ஐம்பத்தெட்டாம் வருஷம், பெங்களூர் பிரேசர் டவுன். சேஷகிரியின் ஐந்து வாடகை வீடுகளுக்கும் ஒரே குழாய், ஒரே மீட்டர். வழக்கமாகத் தண்ணீர் பில்லை ஐந்து வீடும் பங்கிட்டுக்கொள்ளும். அந்த மாதம் பில் இரண்டு மடங்காக வந்ததும் சேஷகிரி முற்றத்தில் வந்து நின்றார்.

"யார் வீட்ல இவ்ளோ செலவாச்சு? அவங்களே கட்டணும். இல்லேன்னா காலி பண்ணணும்."

பாஞ்சாலி அந்த ஐந்து வீடுகளில் ஒன்றில் குடியிருந்தாள். அவள் கணவன் கோவிந்தப்பா இறந்தது அந்த மாதம்தான். சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்து அந்தக் குழாயடியில்தான் தலை முழுகினார்கள். காரியத்தன்றும் அப்படியே. அத்தனையும் தன் தலையில் விழுந்தால், தையல் கூலியை வைத்துக்கொண்டு எங்கே போவாள்? ஆனாலும் மறைக்க மனம் வரவில்லை.

"எங்க வீட்டுச் சாவாலதான் சாமி," என்றாள்.

"சும்மா இரு அண்ணி," என்று பக்கத்து வீட்டுப் பச்சைமுத்து குறுக்கிட்டான். "குளிச்சது நாங்க, கட்றது நீயா? ஏன் சார், நீங்களும்தான வந்தீங்க? தீட்டு தீட்டுன்னு பக்கெட் பக்கெட்டா ஊத்திக்கிட்டீங்களே, மறந்துடுச்சா?"

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சேஷகிரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரிப்பா, குளிச்சவங்க எல்லாரும் போடுங்க. என்னையும் சேர்த்துக்கோ."

பச்சைமுத்து பாஞ்சாலியை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணத் தொடங்கினான்.

"ஒண்ணு கூட்டிக்கோ தம்பி," என்றாள் அவள். "அவரையும் இந்தத் தண்ணியிலதான் குளிப்பாட்டினோம். அந்தப் பங்கை நான்தான் குடுப்பேன்."